வீல்சேர் ஏறிடுச்சா?
ஒரு திணைவழுவைப் பற்றிச் சில குறிப்புகள்

1

விமானத்தின் முன்வரிசை இருக்கையில் என்னை உட்கார வைத்தாயிற்று. கேலிப்பரின் பூட்டைத் தளர்த்திக் காலை மடக்கிக்கொண்டிருந்தேன். கதவோரம் நின்றிருந்த இளைஞனின் வாக்கி டாக்கியில் ஒரு பெண் குரல் கேட்டது: “வீல்சேர் ஏறிடுச்சா?” அவன் பதில் சொன்னான்: “ஒண்ணு ஏறிடுச்சு மேடம். இன்னொண்ணு வந்துக்கிட்டிருக்கு.”

ஏறிய அந்த ஒண்ணு நான். வந்துகொண்டிருந்த இன்னொண்ணு, மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஒரு பாட்டி. நிஜமான வீல்சேர், அதாவது பதினோரு வருஷமாக என்னோடு இருக்கும் என் மடக்கு நாற்காலி, அந்த நேரத்தில் ஏறவே இல்லை. கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டப்பட்டு, பெட்டிகளோடு பெட்டியாகக் கீழே சரக்கறைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏறியவனுக்கு ஏறாத பொருளின் பெயர். வினைமுற்றும் அந்தப் பொருளுக்கு உரியது. ‘ஏறிட்டாரு’ இல்லை, ‘ஏறிடுச்சு’.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, “இது வெறும் ஆகுபெயர்தானே? ஓட்டலில் நாலாம் நம்பர் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறதில்லையா?” என்றார். வாஸ்தவம்தான். ஆனால் ஆகுபெயர் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. காக்பிட்டில் உட்காருகிறவரை ‘ஸ்டியரிங் வந்துடுச்சு’ என்று எந்த வாக்கி டாக்கியும் சொல்வதில்லை. அவர் கேப்டன். அவர் வருவார், முடிவு எடுப்பார். நம்முடைய கேள்வி ஆகுபெயர் உண்டா இல்லையா என்பதல்ல. யாருக்கு அது வழங்கப்படுகிறது, எந்த இடத்தில், எதன் பொருட்டு என்பதுதான்.

அந்த இளைஞன் மேல் எனக்குக் கோபமில்லை. ஒப்பந்தக் கூலிக்கு நாள் முழுக்க நாற்காலி தள்ளுகிற அவனையும் அங்கே ‘வீல்சேர் பையன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்காலியின் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்களை நாற்காலியே விழுங்கிவிட்டது.

2

இலக்கணத்தை இங்கே இழுப்பது புலமை காட்ட அல்ல. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் தொடங்குவதே மக்களை உயர்திணை என்றும், அவரல்லாத பிறவற்றை அஃறிணை என்றும் பிரித்து வைப்பதில்தான். அதே இயலில், மக்களைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அரசு, அடிமை, குழவி ஆகியவற்றோடு ‘உறுப்பின் கிளவி’ என்பதும் அதில் ஒன்று. உடற்குறையால் ஆளைச் சுட்டும் குருடு, முடம் போன்ற சொற்களை அதற்குக் காட்டுவது உரைமரபு. ஆக, ‘வீல்சேர் ஏறிடுச்சு’ என்பது விமான நிலையம் கண்டுபிடித்த வழக்கு இல்லை. நம் மொழி நெடுங்காலமாக அனுமதித்து வைத்திருக்கும் ஒரு கதவு வழியாகத்தான் அது உள்ளே வருகிறது.

அந்தப் பட்டியலில் அரசும் முடமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நான் இப்படி வாசிக்கிறேன். அரசுக்கு அஃறிணை வருவது, ஆள் தன்னைவிடப் பெரிய ஒன்றாகிவிட்டதால். முடத்துக்கு அஃறிணை வருவது, ஆள் ஒரு காலாகச் சுருங்கிவிட்டதால். முடிபு ஒன்று, திசை இரண்டு. விமான வாசலிலும் இந்த இரண்டு அஃறிணைகளும் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் பேசும் நிறுவனம். மற்றொன்று அந்தப் பாதுகாப்புக்கு இடைஞ்சலாகப் பார்க்கப்படும் உடல்.

நிறுவனத்துக்குத் தனி எழுத்துமொழியும் உண்டு. உலகெங்கும் விமான நிறுவனங்கள் புழங்கும் குறியீடுகள் நான்கு எழுத்துகளால் ஆனவை. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, உள்ளே இருக்கை வரை நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை கொண்டுசேர்க்க வேண்டும். நோயாளிக்கு மெடா, அவருக்காக மருத்துவர் நிரப்பும் தாளுக்கு மெடிஃப். இந்தக் குறியீடுகள் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எந்த உதவி, எத்தனை பேர், எந்த நாற்காலி என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் அவதிப்படப் போவது நாம்தான். ஆனால் குறியீடு உதவியின் பெயராக இருக்கும் வரைதான் அது நமக்குக் கருவி. உதவியின் பெயர் ஆளின் பெயராக மாறும் கணத்தில், நமக்காக வந்த கருவி நம்மைப் பதிவு செய்கிற கருவியாகிவிடுகிறது.

3

திணை போன பிறகு இடமும் போகிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூன்றில் எனக்கு எது?

அன்று கவுண்டரில் இருந்த பெண், என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே என் நண்பரிடம் கேட்டார்: “இவருக்கு நடக்க வருமா சார்?” நண்பர் என்னைப் பார்த்தார். “இருக்கை வரைக்கும் நடப்பேன்மா, படி ஏற முடியாது” என்றேன். அவர் நண்பரைப் பார்த்தே தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்: “தனியா டாய்லெட் போயிடுவாரா?” மரியாதைக்குக் குறைவில்லை, ஆர் விகுதி இருக்கிறது. முன்னிலைதான் இல்லை. அரை அடி தூரத்தில் நிற்பவன் படர்க்கையாகிவிட்டேன்.

பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். வழியில் என் உடம்புக்கு எது நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பில்லை என்று எழுதியிருந்தது. அதன் முதல் சொல் ‘நான்’. அன்றைய தினம் முழுவதிலும் எனக்குத் தன்மை ஒருமை கிடைத்த ஒரே இடம் அதுதான். என் உரிமையை நானே விட்டுக்கொடுக்கும் வாக்கியத்துக்கு மட்டும் என் வாய் தேவைப்பட்டது. கையெழுத்தும் நண்பருடையது அல்ல, என்னுடையதுதான் வேண்டுமாம்.

ஏறவும் இறங்கவும் உதவி மட்டும் வேண்டுகிறவரிடம் மருத்துவச் சான்றையோ சிறப்புப் படிவத்தையோ வற்புறுத்தக் கூடாது என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதியிலேயே இருக்கிறது. இதைச் சொன்னேன். “அது தெரியாது சார், சிஸ்டம் கேக்குது” என்றார். இப்போது ‘சார்’ எனக்கு வந்தது. விதியைப் பேசியதும் முன்னிலைக்கு உயர்ந்தேன். கையெழுத்துப் போடவில்லை. நாற்பது நிமிடம் நின்றோம். அந்த நாற்பது நிமிடத்தில் வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை தனிக் கட்டுரைக்கு உரியது.

4

இதே வாக்கிய அமைப்பு தேசத்தின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2012 பிப்ரவரி 19 அன்று கொல்கத்தாவிலிருந்து கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் போவதற்காக ஜீஜா கோஷ் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். பெருமூளை வாதம் உள்ளவர், ஊனமுற்றோர் உரிமைக்காக உழைப்பவர். ஊழியர்கள் வந்து போர்டிங் பாஸைக் கேட்டார்கள், பிறகு இறங்கச் சொன்னார்கள். கேப்டனின் முடிவு. மாநாடு அவருக்குத் தவறிப்போனது. 2016 மே 12 அன்று நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, ஆர்.கே. அகர்வால் அமர்வு அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்பை நம் தோழர்கள் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். நானும்தான். ஆனால் வழக்கைப் பிரதியாக எடுத்துக்கொண்டால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிறுவனத்தின் தரப்பு, அவர் வாயிலிருந்து ரத்தமும் நுரையும் வந்தன என்பது. அதை அவர் மறுத்தார். அதாவது, ஒரு பெண்ணின் உடலில் என்ன நடந்தது என்பதற்கு அந்தப் பெண் ஒரு சாட்சி, அவரைப் பார்த்தவர்கள் எதிர்ச் சாட்சி. அவருடைய பேச்சின் குழறலும் கைகால் அசைவும் அவருக்கு இயல்பு. பார்க்கிறவனுக்கு அவை நோயின் அறிகுறி. இந்த இரண்டு வாசிப்புகளுக்கு நடுவில் விமானம் கிளம்பிவிட்டது. மருத்துவ ஆலோசனை எதுவும் கேட்காமலேயே இறக்கிவிட்டது தவறு என்று நீதிமன்றம் கண்டது. சரியான கண்டுபிடிப்பு. ஆனால், அவரையே கேட்டிருக்கலாம் என்பது இன்னும் எளிதான கண்டுபிடிப்பு.

பத்தாண்டு கழித்து, 2022 மே 7 அன்று ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறன் கொண்ட ஒரு சிறுவனை இண்டிகோ ஏற்றிக்கொள்ள மறுத்தது. குழந்தை பதற்றமாக இருந்தான் என்பது காரணம். டி.ஜி.சி.ஏ. 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஜூலையில் விதி திருத்தப்பட்டது. ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது. பறக்கும்போது உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் நேரில் பார்த்து, அவர் பறக்கத் தகுதியுள்ளவரா என்று திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் மறுப்பதானால் காரணத்தை உடனே எழுத்தில் தர வேண்டும்.

எழுத்தில் காரணம் கேட்கிற உரிமை சின்ன விஷயமில்லை, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் திருத்தத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். கேப்டன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். என் உடலைப் பற்றிய வாக்கியத்துக்கு எழுவாய் மாறியிருக்கிறது, செயப்படுபொருள் மாறவில்லை. அன்றாடம் அந்த உடலோடு குடித்தனம் நடத்துகிறவனின் சொல்லுக்கு, ஐந்து நிமிடம் பார்த்தவரின் கையெழுத்துக்கு உள்ள பெறுமானம் இன்னும் இல்லை. வலிப்பு உள்ளவர், ஆக்சிஜன் தேவைப்படுகிறவர், புதிதாக அறுவை நடந்தவர் விஷயத்தில் மருத்துவர் வேண்டும்தான். உயரத்தில் கேபினின் காற்றழுத்தம் தரையைவிடக் குறையும். மூச்சுக்குப் போராடும் நுரையீரலுக்கு அது விளையாட்டல்ல. ஆனால் நோயும் ஊனமும் ஒன்றல்ல என்பதைக் கவுண்டரில் நின்று ஒவ்வொரு முறையும் நாமே நிறுவ வேண்டியிருக்கிறது.

நிறுவப் போனால் மாட்டிக்கொள்வோம். ‘முடியும்’ என்று கொஞ்சம் கூடச் சொன்னால் நாற்காலி கிடையாது. ‘முடியாது’ என்று கொஞ்சம் கூடச் சொன்னால் விமானம் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழையில் நம் உடலை நடித்துக்காட்ட வேண்டும். நான் நடித்திருக்கிறேன். நடக்கக் கூடிய தூரத்தைக் குறைத்தும் சொல்லியிருக்கிறேன், கூட்டியும் சொல்லியிருக்கிறேன். ‘நடக்கத் தெரிஞ்சவங்களும் வீல்சேர் கேக்குறாங்க’ என்ற புகார் இப்போது பரவலாகக் கேட்கிறது. நடப்பது, நடக்காதது என்று உடல் இரண்டே கட்சி என நம்புகிறவர்களின் புகார் அது. 2024 பிப்ரவரி 12 அன்று மும்பையில், நியூயார்க்கிலிருந்து ஏர் இந்தியாவில் வந்திறங்கிய தம்பதிக்கு ஒரு நாற்காலிதான் கிடைத்தது. மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டு 80 வயதுக் கணவர் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதி வந்ததும் சரிந்தார், இறந்துபோனார். நடக்கத் தெரிந்தவர்தான். நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம்.

5

எது உடல், எது பொருள் என்பதையும் அங்கேதான் தீர்மானிக்கிறார்கள். 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் காலை இழந்து, செயற்கைக் காலோடு மீண்டும் மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரன், 2021 அக்டோபரில் ஒரு காணொளி வெளியிட்டார். ஒவ்வொரு முறையும் பாதுகாப்புச் சோதனையில் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பிரதமரிடம் முறையிட்டார். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. அந்த டிசம்பரில், ஜீஜா கோஷ் வழக்கின் தொடர்ச்சியில், செயற்கை உறுப்பையோ கேலிப்பரையோ கழற்றச் சொல்லக் கூடாது, ஆளை அவர் சம்மதமின்றிக் கையால் தூக்குவது மனிதத்தன்மையற்றது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. பிரபலமானவர் கழற்றினால் செய்தி. எங்களூர்க்காரர் கழற்றினால் வரிசை தாமதம்.

சோதனைக் கதவில் என் கேலிப்பர் சந்தேகத்துக்குரிய பொருள். சரக்கறையில் என் நாற்காலி பெட்டி. பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மாண்ட்ரீல் ஒப்பந்தத்தில் சக்கர நாற்காலிக்குத் தனி இடம் கிடையாது. அது பதிவு செய்த சுமை. உடைந்தால், மதிப்பைத் தனியாக முன்கூட்டி அறிவித்திருந்தாலொழிய, சுமைக்குள்ள உச்சவரம்புதான். 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகில். மோட்டார் நாற்காலியின் விலை இதைவிடப் பல மடங்கு இருக்கும். விலை ஒரு பக்கம், அது உடைந்த நாளிலிருந்து மாற்று வரும் வரை அவர் படுக்கையில். அமெரிக்காவில் நிறுவனங்கள் இந்தச் சேதக் கணக்கை 2018 டிசம்பரிலிருந்துதான் அரசுக்குத் தர வேண்டியதாயிற்று. 2023இல் மட்டும் 11,000க்கு மேற்பட்ட நாற்காலிகளும் ஸ்கூட்டர்களும் சேதமாயின, தாமதமாயின அல்லது தொலைந்தன. எண்ணத் தொடங்கிய பிறகுதான் அங்கே அது ஒரு பிரச்சினையாகக் கண்ணில் பட்டது.

ஆக, பேச்சில் நான் நாற்காலி. சட்டத்தில் நாற்காலி பெட்டி. இந்த இரண்டு சமன்பாட்டையும் சேர்த்து எழுதிப் பார்த்தால் வருவது என்னவென்று வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

6

“தாழ்தளப் பேருந்துக்கே கோர்ட்டு வாசலில் நிற்கிற ஊரில் விமானத்தைப் பற்றி என்ன பேச்சு? இது மேட்டுக்குடி ஊனம்” என்று ஒரு தோழர் கடிந்துகொண்டார். நியாயமான கோபம். சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியது 2024இல்தான், அதுவும் வழக்காடி. என் ஊர்ப் பேருந்தில் இன்றும் என்னை இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கித்தான் போடுகிறார்கள்.

ஆனால் இரண்டு விஷயங்களைத் தோழர் யோசிக்க வேண்டும். ஒன்று, விமானத்தில் இருப்பவர்கள் எல்லாம் வசதிக்காகப் பறக்கிறவர்கள் இல்லை. வடகிழக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்கு வரும் குடும்பங்களைப் பாருங்கள். ரயிலில் இரண்டு இரவு தாங்க மாட்டார் என்பதாலேயே கடன் வாங்கி டிக்கெட் போடுகிறார்கள். படுத்த நிலையில் வருகிறவருக்குப் பல இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் போட வேண்டும், அத்தனைக்கும் கட்டணம் உண்டு. ஹவாய் செருப்புப் போட்டவரும் பறக்க வேண்டும் என்று 2017இல் உடான் விமானங்களைத் தொடங்கிவைத்தார்கள். செருப்புப் போட முடியாத கால்களைப் பற்றி அந்த வாசகத்தில் ஒன்றுமில்லை.

இரண்டாவது முக்கியமானது. பேருந்தில் எனக்கு நடப்பது அலட்சியம். விமானத்தில் நடப்பது அக்கறை. விதிப் புத்தகம், குறியீடு, பயிற்சி, புன்னகை எல்லாம் உள்ள இடத்திலும் நான் அஃறிணைதான் என்றால், வசதி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்முடைய நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. சாய்தளம் வேண்டும். அதற்காகப் போராடத்தான் வேண்டும். சாய்தளத்தின் உச்சியில் என்னை வரவேற்கும் வாக்கியத்துக்காகவும் போராட வேண்டும். ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளி ஆனதும், வடக்கே ‘திவ்யாங்’ ஆனதும் பெயர்ச்சொல்லில் நடந்த மாற்றங்கள். வினைமுற்றை யாரும் தொடவில்லை.

சட்டத்திலும் கடைசியில் இது வினைமுற்றுப் பிரச்சினைதான். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2016ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் கீழான விதிகளில் 15(1)ஐச் செல்லாது என்றது. சட்டம் கட்டாயம் என்று சொன்ன அணுகல்தன்மையை அந்த விதி வெறும் வழிகாட்டுதலாக்கிவிட்டது என்பது காரணம். ‘செய்யலாம்’ என்பதற்கும் ‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் நடுவில்தான் நம்முடைய பல பத்தாண்டுகள் போயிருக்கின்றன.

இதை எழுதும்போது அந்தப் பாட்டி ஞாபகத்துக்கு வருகிறார். என் பக்கத்து இருக்கையில்தான் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மூச்சு வாங்கியது. கதவோரம் இளைஞன் வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டிருந்தான்: “ரெண்டும் ஏறிடுச்சு மேடம்.” பாட்டி காதில் அது விழுந்தது. அவனைப் பார்த்துச் சத்தமாக, கோபமே இல்லாமல், திருத்தினார்: “ரெண்டு பேரும் ஏறிட்டாங்கன்னு சொல்லுப்பா.”

அவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு மறுபடி பொத்தானை அழுத்தி, அப்படியே சொன்னான்.